நிஜ ஒளியா, மாயப் படமா?

வீடியோ விளையாட்டில் வந்திருக்கும் புதுமை! ரசிகர்களின் ஆசையும் சந்தேகமும்

வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு பெரிய வாக்குவாதம் நடந்து வருகிறது.

"திரையில் தெரிவது அச்சு அசலாக நிஜ உலகம் போலவே இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?" என்கிறது ஒரு கட்சி.

"தெரிவதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் ஊகித்துப் போட்ட படம். அதற்கு இத்தனை விலையா?" என்கிறது எதிர்க்கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. சண்டைக்குக் காரணமான பொருள் ஒரு சிறிய பலகை. கம்ப்யூட்டருக்குள் செருகப்படும் அந்தப் பலகைக்கு "கிராபிக்ஸ் கார்டு" என்று பெயர். திரையில் படம் போடுவதுதான் அதன் வேலை.

சினிமாவும் விளையாட்டும்

சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்பே எடுத்து வைத்த படங்கள்.

வீடியோ விளையாட்டு அப்படி அல்ல. ஆடுகிறவர் பித்தானை அழுத்தியதும் வீரன் திரும்புகிறான், குதிக்கிறான், ஓடுகிறான். எந்தப் பக்கம் திரும்புவான் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் அந்த நிமிடமே புதிதாக வரைய வேண்டும். அதுவும் நொடிக்கு 60 படம் வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

திரை என்பது சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. "4கே" என்று சொல்லப்படும் உயர்ந்த ரகத் திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. நொடிக்கு 60 படம் என்றால், ஒரு நொடியில் ஏறத்தாழ 50 கோடி புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும்!

இந்த வேலையை எளிதாக்க, கலைஞர்கள் பல ஆண்டுகள் தந்திரம் செய்து வந்தார்கள். விளக்கு இல்லாத இடத்தில் விளக்கு எரிவது போல நிறம் தீட்டினார்கள். நிழலை முன்கூட்டியே தரையில் வரைந்து வைத்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கண்ணாடியில் எதிரே நிற்பவன் தெரிய மாட்டான். கதவைத் திறந்தாலும் அறைக்குள் வெளிச்சம் பரவாது.

ஒளியைப் பின்தொடர்ந்து...

இதற்குப் பரிகாரம் வெகு நாளைக்கு முன்பே தெரியும். அதன் பெயர் "ரே டிரேசிங்". ஒளிக்கதிரைப் பின்தொடர்வது என்று பொருள்.

உலகத்தில் ஒளி எப்படிப் போகிறது? விளக்கிலிருந்து புறப்படுகிறது. பொருள் மீது பட்டுத் தெறிக்கிறது. பிறகு கண்ணுக்கு வருகிறது. கம்ப்யூட்டர் இந்தப் பாதையைத் தலைகீழாகப் பிடிக்கிறது. கண்ணிலிருந்து புறப்பட்டு, பொருள்களைத் தொட்டு, விளக்கு வரை பின்னோக்கிப் போகிறது. கண்ணுக்கு வந்து சேராத கதிர்களைக் கணக்கிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் அல்லவா?

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டர்னர் விட்டெட் என்பவர் இந்த முறையில் ஓர் அருமையான படத்தை வெளியிட்டார். கட்டம் போட்ட தரைக்கு மேலே பளபளக்கும் கோளங்கள்! ஒன்றின் உருவம் மற்றொன்றில் தெரிந்தது. ஆனால் அந்த ஒரே ஒரு படத்தைப் போட அன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

சினிமாக்காரர்களுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. கார்ட்டூன் சினிமாவுக்காக ஒரு படத்தைப் பல மணி நேரம் காத்திருந்தும் போடலாம். விளையாட்டுக்கு அந்த வசதி ஏது? ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கும்.

கொலோன் நகரில் அறிவிப்பு

38 ஆண்டுகள் கழிந்தன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ந் தேதி ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. அமெரிக்காவின் என்விடியா கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடை ஏறினார். ஒளிக்கதிரைப் பின்தொடரும் வேலைக்கென்றே தனி உறுப்பு வைத்த கார்டுகளை அறிவித்தார்.

ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். விலையைக் கேட்டதும் சுருதி இறங்கியது. உயர்ந்த ரகக் கார்டை என்விடியாவே 1,199 டாலருக்கு விற்றது. அதற்கு முந்தைய தலைமுறையில் அதே வரிசைக் கார்டின் விலை 699 டாலர்தான்!

இன்னொரு ஏமாற்றமும் காத்திருந்தது. செப்டம்பரில் கார்டு கடைக்கு வந்தது. அதில் ஆடுவதற்குப் புதிய ஒளி முறை கொண்ட விளையாட்டு ஒன்றுகூட அன்று இல்லை. "பேட்டில்பீல்டு 5" என்ற போர் விளையாட்டில்தான், நவம்பரில் அது முதன்முதலாக வந்தது. தண்ணீரிலும் காரின் கண்ணாடியிலும் தீப்பிழம்பு தெரிந்தது. ஆனால் வேகம் வெகுவாகக் குறைந்துபோயிற்று.

1997ஆம் ஆண்டில் வந்த "குவேக் 2" என்ற பழைய விளையாட்டுக்கு 2019ஆம் ஆண்டில் முழுக்க முழுக்கப் புதிய முறையில் ஒளி ஊட்டினார்கள். 22 ஆண்டுப் பழமையான அந்த விளையாட்டு, புத்தம் புதிய கார்டுகளுக்கே மூச்சு வாங்க வைத்தது!

ஊகித்துப் போடும் யந்திரம்

வேகம் குறைந்தால் யார் ஆடுவார்கள்? அதற்குச் செயற்கை அறிவு துணைக்கு அழைக்கப்பட்டது.

யோசனை இதுதான். படத்தைச் சிறியதாகப் போட வேண்டும். பிறகு, பயிற்சி பெற்ற யந்திர மூளை அதைப் பெரிதாக்கி, விட்டுப்போன நுணுக்கங்களை ஊகித்து நிரப்ப வேண்டும். என்விடியா இதற்கு "டி.எல்.எஸ்.எஸ்." என்று பெயர் வைத்தது.

முதல் முயற்சியில் படம் மங்கலாக இருந்தது. ரசிகர்கள் கேலி செய்தார்கள். 2020ஆம் ஆண்டில் வந்த இரண்டாவது பதிப்பு கேலியை நிறுத்தியது. பெரிதாக்கிய படத்துக்கும் நிஜப் படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே பல இடங்களில் கஷ்டமாகிவிட்டது.

2022ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவில், யந்திரமே ஒரு முழுப் படத்தை ஊகித்துச் செருகியது. 2025ஆம் ஆண்டில் ஒன்று மூன்றாயிற்று. ஒரு நிஜப் படத்துக்கு மூன்று ஊகப் படங்கள்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நான்கு 4கே படங்களில் சுமார் 3 கோடியே 32 லட்சம் புள்ளிகள். அவற்றில் கார்டு உண்மையாகக் கணக்கிட்டு வரைவது சுமார் 21 லட்சம் மட்டுமே. அதாவது 16இல் ஒரு பங்கு. மீதி 15 பங்கும் ஊகம்!

இந்தப் படங்களுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் "போலிப் படங்கள்".

549 டாலர் பேச்சு

2025ஆம் ஆண்டு ஜனவரியில் வாக்குவாதம் உச்சத்தை எட்டியது.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கண்காட்சியில் ஹுவாங் பேசினார். 1,599 டாலருக்கு விற்ற பழைய 4090 கார்டின் திறமையை, 549 டாலர் விலையுள்ள புதிய 5070 கார்டு தரும் என்றார். செயற்கை அறிவு இல்லாமல் இது முடியாது என்றும் சொன்னார்.

கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. மார்ச்சில் கார்டு கடைக்கு வந்தது. நிபுணர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஊகப் படங்களையும் சேர்த்து எண்ணினால் இரண்டும் நெருங்கி வந்தன. நிஜப் படங்களை மட்டும் எண்ணினால் பழைய கார்டு வெகு தூரம் முன்னே நின்றது.

படத்தின் எண்ணிக்கை கூடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. காரணம் இருக்கிறது.

நொடிக்கு 30 நிஜப் படங்களை யந்திரம் 120 ஆக்கிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு 120 தெரியும். ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பித்தானை அழுத்தினால் அது நிஜப் படத்தில்தான் பலிக்கும். கைக்குக் கிடைப்பது 30இன் வேகமே. நடுப்படத்தை ஊகிக்க அடுத்த நிஜப் படத்தைச் சற்று நிறுத்திவைக்கவும் வேண்டும். அதனால் இன்னும் சிறிது தாமதம். அமைதியாக ஆடும் விளையாட்டில் இது பெரிதாகத் தெரியாது. துப்பாக்கிச் சண்டைப் போட்டியில் கண் இமைக்கும் நேரம்தான் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிக்கிறது!

ஆசைக்கும் காரணம் உண்டு

அப்படியானால் எல்லாம் ஏமாற்று வித்தையா? அப்படியும் சொல்ல முடியாது.

"சைபர்பங்க் 2077" என்ற விளையாட்டில் 2023ஆம் ஆண்டு முழு ஒளி முறை சேர்க்கப்பட்டது. செயற்கை அறிவின் துணை இல்லாமல் 4கே திரையில் ஓட்டியபோது, அன்று உச்சியில் இருந்த 4090 கார்டே நொடிக்கு 20 படம் போடத் திணறியது. துணை வந்ததும் விளையாட்டு தாராளமாக ஓடியது. மழை பெய்த தெருவில் கடைப் பலகைகளின் வெளிச்சம் சிந்திக் கிடப்பதைப் பார்த்தவர்கள் மெய்மறந்தார்கள்.

பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கும் நன்மை உண்டு. 2025ஆம் ஆண்டில் வந்த மேம்பட்ட பெரிதாக்கும் முறை, 2018ஆம் ஆண்டுக் கார்டுகளிலும் வேலை செய்கிறது. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை, மற்றக் கம்பெனிகளின் கார்டுகளிலும் ஓடியது. புதிது வாங்க முடியாதவர்களின் பழைய யந்திரத்துக்கு இதனால் ஆயுள் கூடியது.

விளையாட்டைத் தயாரிப்பவர்களுக்கும் வேலை மிச்சம். ஒவ்வோர் அறைக்கும் கையால் நிழல் வரைய வேண்டாம். விளக்கை வைத்தால் போதும். வெளிச்சம் தானாகப் பரவும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த "இண்டியானா ஜோன்ஸ்" விளையாட்டும், 2025ஆம் ஆண்டு மே மாதம் வந்த "டூம்" விளையாட்டும் ஒளிக்கதிர் உறுப்பு இல்லாத பழைய கார்டுகளில் ஓடவே மாட்டா. அழகு குறைத்து ஆடலாம் என்ற சலுகையும் இல்லை. விருப்பமாக வந்தது கட்டாயமாகிவிட்டது.

பணம் போகும் வழி

2025ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தபோது 5090 கார்டின் அமெரிக்க விலை 1,999 டாலராக இருந்தது. அன்றைய மாற்று விகிதப்படி ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். வேகமாக ஓடும்போது அது 575 வாட் வரை மின்சாரம் இழுக்கும். ஏழு மின்விசிறிகள் ஒரே சமயத்தில் சுழல்வதற்குச் சமம்!

விலை ஏன் இறங்கவில்லை? என்விடியாவின் வரவு செலவைப் பார்த்தால் ஓரளவு புரியும். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்த கணக்கில், கம்பெனி வருமானத்தில் பாதிக்கு மேல் விளையாட்டுப் பிரியர்களிடமிருந்து வந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்த கணக்கில் மொத்த வருமானம் 13,050 கோடி டாலர். அதில் விளையாட்டுப் பிரிவின் பங்கு 1,135 கோடி. நூற்றுக்கு ஒன்பது கூட இல்லை. மிகுதியில் பெரும்பகுதி, செயற்கை அறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் வாங்கிய சில்லுகளிலிருந்து வந்தது.

அதே கம்பெனிகள் மெமரிச் சில்லுகளையும் வாரிக்கொண்டு போனதால், 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அவற்றின் விலை கிடுகிடுவென்று ஏறியது. கம்ப்யூட்டர் வாங்கப் போன சாதாரண மனிதரின் தலையில் அந்தச் சுமை விழுந்தது.

"எங்கள் பணத்தில் வளர்ந்த கம்பெனி எங்களை மறந்துவிட்டதே!" என்று ரசிகர்கள் குமுறுவதில் ஆச்சரியம் இல்லை.

அழகு மட்டும் போதுமா?

ஆடுகிறவர்கள் உண்மையில் எதை விரும்புகிறார்கள்? இதற்கு ஒரு தெளிவான விடை 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் கிடைத்தது. சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் 5 யந்திரத்தை வடிவமைத்த மார்க் செர்னி ஓர் உண்மையைச் சொன்னார். அழகா, வேகமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், சுமார் முக்கால் பங்குத் தடவை ஆட்டக்காரர்கள் வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். இரண்டையும் ஒருங்கே தருவதாகச் சொல்லி சோனி 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய யந்திரத்தின் விலை அப்போது 700 டாலராக இருந்தது!

உலகில் மிக அதிகமாக விற்ற விளையாட்டுகளில் ஒன்று "மைன்கிராப்ட்". 2023ஆம் ஆண்டுக்குள் 30 கோடிப் பிரதிகள் விற்றன. அதில் மரமும் சதுரம், மாடும் சதுரம்! 2017ஆம் ஆண்டில் வந்த நிண்டெண்டோ கம்பெனியின் "ஸ்விட்ச்" யந்திரத்தில் கதிரைப் பின்தொடரும் உறுப்பு கிடையாது. 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் அது 15 கோடிக்கு மேல் விற்றது. குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்து ஆடுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

புதிய ஒளி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது வளரும், மலிவாகவும் ஆகலாம். ரசிகர்கள் கேட்பதெல்லாம் நேர்மையான கணக்கு. எத்தனை படம் வரைந்தது, எத்தனை படம் ஊகித்தது என்று பெட்டியின் மேலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அதுவரை, பிள்ளை கேட்கிறான் என்று கடைக்குப் போகும் பெற்றோர் மூன்று கேள்விகளை மறக்காமல் கேட்க வேண்டும். அவன் ஆடும் விளையாட்டுக்கு இந்தக் கார்டு தேவைதானா? ஊகப் படம் இல்லாமல் அது என்ன வேகம் தரும்? முந்தைய ரகத்தை வாங்கினால் எவ்வளவு மிச்சம்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்!