சீனத்து ஹாஜியாரின் மகன்



யாழ்ப்பாணத்துச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அரியாலையில் சீனக் கூட்டு முயற்சியில் கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்ட நாள் முதல் அந்தப் பக்கத்தில் சீனர்களைப் பற்றிய பேச்சு ஓயவில்லையாம். 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டிக்கொண்டு நல்லூர்க் கோயிலுக்குப் போன பிறகு பேச்சு இன்னும் பெருகிவிட்டது. “சீன அரசாங்கத்தின் பெரிய அதிகாரிகளில் முஸ்லிம் எவராவது இருந்திருக்கிறாரா மௌலவி? மகன் கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை” என்று கேட்டிருக்கிறார்.

இருந்திருக்கிறார். அதுவும் நம்முடைய இலங்கைக்கே வந்து, தமிழ் எழுத்துப் பொறித்த கல் ஒன்றை இங்கே விட்டுச் சென்றவர். செங் ஹோ என்று சரித்திரம் அவரை அழைக்கிறது. ஆனால் அது அவருடைய வாப்பா வைத்த பெயரன்று. அவருடைய வாழ்க்கையே அந்தப் பெயர் மாற்றத்துக்குள் அடங்கியிருக்கிறது.

சீனாவின் தென்மேற்கு மூலையில் யுன்னான் மாகாணம். அங்கே குன்யாங் என்ற ஊரில் 1371ஆம் ஆண்டு பிறந்தார். பிறந்தபோது பெயர் மா ஹோ. ‘மா’ என்பது, முஹம்மது என்ற திருநாமத்தைச் சுருக்கிச் சீன முஸ்லிம்கள் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர். வாப்பாவை ஊரார் ஹாஜி என்றே அழைத்தார்கள். பாட்டனாரையும் அப்படியே. யுன்னானிலிருந்து மக்காவுக்கு அந்தக் காலத்தில் போய் வருவதென்றால் எத்தனை மாதப் பயணம் என்று எண்ணிப் பாருங்கள். நம்மவர்கள் விமானத்தில் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இடுப்பு வலிக்கிறது என்கிறோம்.

1381ல் மிங் அரசின் படை யுன்னானுக்குள் புகுந்தது. அந்தப் போர்க் காலத்தில் வாப்பா மௌத்தானார். சீனக் கணக்கில் அவருக்கு வயது 39. மகனுக்குப் பத்து வயது. படைவீரர்கள் பிள்ளையைச் சிறைபிடித்து, அவனுடைய ஆண்மையைப் பறித்து, இளவரசர் சூ டியின் அரண்மனைக்குப் பணியாளாக அனுப்பினார்கள். மனிதனை அப்படிச் சிதைப்பதை நம் மார்க்கம் ஹராமாக்கியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் உம்மாவை நினைக்கும்போது எனக்கு எழுத்து ஓடவில்லை. கணவனும் போய், மகனும் போய், நான்கு பெண் குழந்தைகளோடு நின்ற உம்மா.

அரண்மனையில் அவர் படித்தார், போர் பழகினார், இளவரசரின் நம்பிக்கையைப் பெற்றார். 1402ல் அந்த இளவரசர் சிம்மாசனத்தைக் கைப்பற்றி யுங்லோ சக்கரவர்த்தியானார். 1404ல், போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக, ‘செங்’ என்ற புதிய குடும்பப் பெயரைச் சக்கரவர்த்தி அவருக்கு வழங்கினார். அரண்மனைப் பணியாளர்களுக்கெல்லாம் தலைமை அதிகாரியாகவும் ஆக்கினார். முஹம்மது என்ற நாமத்தின் அடையாளம் அன்றோடு அவர் பெயரிலிருந்து போய்விட்டது. பகைவர் பறித்ததன்று. எஜமான் மரியாதை செய்து எடுத்துக்கொண்டது. மறுக்கவும் முடியாத மரியாதை!

மறு ஆண்டு 1405ல், 27,000க்கும் மேற்பட்ட ஆட்களைக் கொண்ட பெரும் கப்பற்படைக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அதே ஆண்டில் அவர் இன்னொரு காரியத்தையும் செய்தார். வாப்பாவின் கபுறுக்கு ஒரு கல்வெட்டு எழுதித் தரும்படி அரசாங்க அமைச்சர் ஒருவரிடம் கேட்டுப் பெற்றார். குடும்பப் பெயர் மா, ஊராருக்கு ஹாஜி, மனைவியின் குலம் வென், பிள்ளைகள் ஆண் இருவர், பெண் நால்வர், ஏழை எளியவர்களுக்கு இரங்கியவர் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அண்ணனிடம் கேட்டதும் இருக்கும், தன் நினைவில் நின்றதும் இருக்கும். பத்து வயதுக்குள் வீட்டில் காதில் விழுந்ததை அரண்மனையின் இருபது ஆண்டுகளாலும் அழிக்க முடியவில்லை, சகோதரிகளே.

1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். ஜாவா, மலாக்கா, இலங்கை, கள்ளிக்கோட்டை, ஹுர்முஸ், ஏடன், ஆபிரிக்கக் கரை என்று அவருடைய கப்பல்கள் போகாத துறைமுகம் குறைவு. அவற்றையெல்லாம் இங்கே விரிக்க இடமில்லை. இலங்கைக்கு வருவோம்.

1911ல் காலி நகரில் ஒரு மதகின் மேல் மூடியாகக் குப்புறக் கிடந்த கல்லைப் புரட்டினார்கள். அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். 1409 பெப்ரவரி 15 திகதியிட்டுச் சீனாவிலேயே பொறித்து, மூன்றாவது பயணத்தில் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் இருந்த தென்னவரை நாயனாருக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான். இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மூன்றில் அதிகம் தேய்ந்து போயிருப்பது பாரசீகம்தான்.

தவ்ஹீதைப் பாடமாக நடத்தும் எனக்கு இந்தக் கல் இலேசான செய்தியன்று. கல் சக்கரவர்த்தியின் பெயரால்தான் தொடங்குகிறது, காணிக்கையும் அவருடையது, செங் ஹோ கொண்டுவந்த ஊழியர் மட்டுமே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 1431ல் சீனக் கடலோரத்தில் கடல் தேவதைக்கு நன்றி கூறும் கல்வெட்டை அவரே நாட்டியிருக்கிறார். அதையும் மறைக்கக் கூடாது. அவரைப் பெரிய வலியாக ஆக்கி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள். ஜாவாவின் செமராங்கில் அவரைத் தெய்வமாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். அதே தீவின் சுரபாயாவில் அவர் பெயரால் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அவருடைய ஈமானை நிறுத்துப் பார்க்கும் தராசு நம் கையில் இல்லை. தன் விருப்பமின்றி அரண்மனைக்குள் தள்ளப்பட்ட பிள்ளை அவர் என்பதை மட்டும் மறந்துவிடாமல் மேலே படிப்போம்.

அதே பயணத்தில் இங்கே போரும் நடந்தது. அழகக்கோனாரோடு மோதி, அவரைச் சிறைபிடித்து 1411ல் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். சக்கரவர்த்தி பிறகு விடுதலை செய்துவிட்டார். வந்தவர்கள் காணிக்கையோடு மட்டும் வரவில்லை, வாளோடும் வந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த வெற்றியோடு திரும்பிய 1411ஆம் ஆண்டிலேயே செங் ஹோ யுன்னானுக்குப் போய் வாப்பாவின் கபுறைச் சந்தித்தார். அந்தச் செய்தி கபுறுக் கல்லின் பின்புறத்தில் வெட்டப்பட்டிருக்கிறது.

பிற்காலத்தில் அவருடைய சாய்வு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1413ல் நான்காவது பயணம் புறப்படுமுன் சியான் நகரத்துப் பள்ளிவாசலுக்குப் போய், ஹஸன் என்ற இமாமை மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டார். மா ஹுவான் என்ற இன்னொரு முஸ்லிமும் உடன் போனார். பயணங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. யுங்லோ 1424ல் இறந்ததும் கப்பல்களை நிறுத்திவிட்டு, செங் ஹோவை நான்ஜிங் நகரக் காவற்படைக்குத் தலைவராக்கினார்கள். 1430ல், தீயில் அழிந்த நான்ஜிங் பள்ளிவாசலைத் திரும்பக் கட்ட அரசனிடம் அனுமதி கேட்டுப் பெற்றார். ஏழாவது பயணத்தில் கள்ளிக்கோட்டையிலிருந்து ஏழு பேர் கஸ்தூரியும் பீங்கானும் எடுத்துக்கொண்டு மக்கா போனார்கள். திரும்பும்போது கஃபாவை வரைந்த சித்திரம் ஒன்றைக் கொண்டுவந்து அரண்மனையில் கொடுத்ததாக மா ஹுவான் எழுதுகிறார். அந்த எழுவரில் செங் ஹோ இருந்ததாகச் சான்று இல்லை. வாப்பாவும் பாட்டனாரும் போன இடத்துக்கு, உலகின் பாதிக் கடலைக் கடந்தவர் போனாரா என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகனைத் தன் மகனாக வளர்த்தார். 1433ல் கள்ளிக்கோட்டையில் மௌத்தானார் என்று ஒரு சாராரும், 1435ல் நான்ஜிங்கில் என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். நான்ஜிங்குக்கு வெளியே ஒரு குன்றடியில் அவர் பெயரால் உள்ள கபுறை 1985ல் முஸ்லிம் முறைப்படி புதுப்பித்து, தக்பீரை அரபியில் பொறித்து வைத்தார்கள். அதற்குள் ஜனாஸா இல்லை. ஹாஜியாரின் கபுறு குன்யாங்கில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. மகன் எழுதுவித்த கல்லும் அங்கேதான் நிற்கிறது.