கலந்தாய்வுக்கு முன் கேட்க வேண்டிய குரல்

ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து பொறியியல் படிக்கக் கீழே வரும் மலையாளிப் பழங்குடி மாணவருக்கு, வாசல் முன்பைவிட அகலமாகவே திறந்திருக்கிறது. சேலம் கருப்பூரில் 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அவர் கையில் இருப்பவை கட்-ஆஃப் மதிப்பெண்ணும் தேர்ச்சி விகிதமும் விளம்பரங்களும்தான். தமிழ்வழியில் படித்தவர் முதல் பருவத்தை எப்படித் தாண்டுகிறார்? ஆய்வகக் கருவியைத் தானே இயக்குகிறாரா, வேடிக்கை பார்க்கிறாரா? புரியவில்லை என்று எழுந்து சொன்னால் ஆசிரியர் என்ன செய்கிறார்? நகரத்துப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்ல ஓர் அண்ணனோ அக்காவோ அக்கம்பக்கத்தில் கிடைப்பார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு யார் சொல்வது? படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் அனுபவத்தைப் பெயர் குறிப்பிடாமல் திரட்டி, கலந்தாய்வுக்கு முன்பே வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

கோபத்தில் நாலு பேர் எழுதிக் கல்லூரியின் பெயரைக் கெடுத்துவிடுவார்கள் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால், எல்லா மாணவர்களிடமும் ஒவ்வொரு பருவமும் கேட்டால் தனி ஒருவரின் கோபம் அதில் கரைந்துவிடும். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கோபம் என்று ஒதுக்க முடியாது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டிலேயே மாணவர் கருத்துக் கணிப்பு இருக்கிறதே என்றும் கேட்கலாம். அது கல்லூரிக்குத் தரம் போடுவதற்கானது. எந்தத் துறையில் தமிழ்வழி மாணவர் திணறுகிறார் என்று பெற்றோருக்குச் சொல்வதற்கானதல்ல. கலந்தாய்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே மாணவர்களின் அனுபவத்தைத் திரட்டி, துறைவாரியாகத் தமிழில் வெளியிடட்டும்.