மத்திய அரசு மேல கேஸ் போட டெல்லிக்குப் போகணுமா? மதுரையே போதும்... ஆனா சில இடங்களில் கவனம்!

திருப்புல்லாணியில் இருக்கும் ஒருவருக்கு மத்திய அரசுத் துறை ஒன்று நோட்டீஸ் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்ட அதிகாரி இருப்பது டெல்லியில். பாதிப்பு இங்கே. அந்த உத்தரவை எதிர்த்து ரிட் மனுவை எங்கே போடுவது?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போடலாம். 2004 ஜூலை 24 முதல் இயங்கும் இந்தக் கிளையின் எல்லைக்குள்தான் ராமநாதபுரம் மாவட்டம் வருகிறது. ஆனால் ஒரு காலத்தில் இது நடக்காத காரியம்.

அடித்தளம் போட்ட சென்னை வழக்கு

1952-ல் காக்கிநாடா தொகுதியிலிருந்து அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர் சாகா வெங்கட சுப்பா ராவ். முன்பு சிறைத் தண்டனை பெற்றவர் என்பதால் அவர் பதவிக்குத் தகுதியற்றவரா என்ற கேள்வி தேர்தல் ஆணையத்திடம் போனது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார், ஆணையத்தின் விசாரணைக்குத் தடையும் வாங்கினார். 1953-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஆணையம் இருப்பது டெல்லியில், சென்னை நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை, எனவே அதற்கு உத்தரவு போட முடியாது என்றது.

அன்று டெல்லிக்கென்று தனி உயர் நீதிமன்றம்கூட கிடையாது. பஞ்சாப் உயர் நீதிமன்றத்திடம்தான் போகணும். தெற்கே கடலோரத்தில் இருப்பவருக்கு அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். உரிமை இருந்தும் பயன்படுத்த முடியாத நிலை.

1963-ல் அரசியலமைப்பின் 15-வது திருத்தம் இதை மாற்றியது. பிரச்சினைக்கான காரணம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எங்கே உருவானதோ, அந்த இடத்து உயர் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்றது. இன்றைய 226(2) பிரிவு அதுதான். ஆனால் ஏதோ ஒரு சின்னத் தொடர்பைக் காட்டினால் மட்டும் போதாது. வேறு நீதிமன்றம் பொருத்தமாக இருந்தால் விசாரிக்க மறுக்கலாம் என்று 2004-ல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கடலோரத்தையே மையமாகக் கொண்ட சேது சமுத்திரத் திட்டமும் மத்திய அரசுத் திட்டம்தான். அதை எதிர்த்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தன. பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு மாறின. ராமர் பாலம் எனப்படும் அமைப்புக்குச் சேதம் வரக்கூடாது என்று 2007 ஆகஸ்ட் 31-ல் இடைக்கால உத்தரவு வந்தது அங்கிருந்துதான்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே மாநில நீதிமன்றம் தனி, மத்திய நீதிமன்றம் தனி, ரெண்டு ஏணி. மத்தியச் சட்டம் சம்பந்தப்பட்டிருந்தாலோ, வழக்காடுபவர்கள் வேறுவேறு மாநிலத்தவராக இருந்து வழக்கின் மதிப்பு 75,000 டாலரைத் தாண்டினாலோ மத்திய நீதிமன்றம் போகலாம். இந்தியாவில் ஒரே ஏணிதான். மத்தியச் சட்டத்தையும் மாநிலச் சட்டத்தையும் ராமநாதபுரத்து நீதிபதியே பார்ப்பார்.

அதனால் இங்கே குழப்பம் வருவது வேறு வகையில். நிலத் தகராறு என்றால் நிலம் இருக்கும் இடத்து சிவில் கோர்ட்தான். அண்ணன் தம்பி சென்னையில் இருந்தாலும் சரி. மத்திய அரசு மேல சிவில் வழக்கு என்றால், அவசர வழக்குகள் தவிர மற்றவற்றில் முதலில் ரெண்டு மாத நோட்டீஸ் கொடுக்கணும். கோயில் சம்பந்தமான பல தகராறுகளில் அறநிலையத் துறை இணை ஆணையரிடம்தான் முதல் படி.

பெரிய ஆபத்து சுற்றுச்சூழல் அனுமதி விவகாரத்தில். அதை சிவில் கோர்ட் தொடவே முடியாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யணும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மொத்தம் 90 நாள் தாண்டிவிட்டால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் மேல்முறையீட்டை ஏற்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை.