டைரியில் தேடிய கொலை

கதை படிக்கிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பாத்திரம் தன்னைத் தானே நொந்துகொண்டால் போதும், 'இவள்தான் குற்றவாளி' என்று முப்பதாம் பக்கத்திலேயே தீர்மானித்துவிடுவார்கள். கதையோடு நின்றால் பாதகமில்லை. ஆஸ்திரேலியாவில் அது நியாயஸ்தலத்துக்குள்ளேயே புகுந்து ஒரு தாயைச் சிறையில் தள்ளியது.

காத்லீன் ஃபால்பிக் என்ற அந்த அம்மாளின் நான்கு குழந்தைகளும் 1989-க்கும் 1999-க்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. மூச்சை அடைத்துக் கொன்றதற்கு உடம்பில் நிச்சயமான அடையாளம் ஏதும் இல்லை. ஆனாலும் 2003-இல் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். நாற்பது ஆண்டுச் சிறை. அப்பீலில் முப்பதாகக் குறைந்தது. நான்கு சாவு தற்செயலாக நடக்குமா என்பது பிராஸிக்யூஷன் கேள்வி. பன்றிக்குட்டி இறக்கையோடு பிறக்கலாம் என்பதையும்தான் தம்மால் மறுத்து நிரூபிக்க முடியாது என்று சர்க்கார் வக்கீல் கேலி பேசினார். மிச்சமிருந்த ஆதாரம், டைரி.

இந்தத் 'தற்செயல்' கணக்கு இங்கிலாந்திலும் ஒரு குடியைக் கெடுத்தது. 1999-இல் ஸாலி கிளார்க் வழக்கில், ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள் இப்படிச் சாவது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று டாக்டர் ராய் மெடோ சாட்சி சொன்னார். ஒரு சாவுக்கு 8,543-இல் ஒன்று. அதை அதனாலேயே பெருக்கினால் இந்தத் தொகை வருகிறது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த குழந்தைகள் என்பது மட்டும் பெருக்கலில் விட்டுப்போயிற்று! 'அந்த வீட்டில் பிள்ளை தங்காது' என்று பெருமூச்சு விடுகிற பாட்டிக்கு அவரைவிடக் கணக்குத் தெரியும்.

இதயம் தாளம் தவறாமல் அடிப்பது மின்சாரத்தால். சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் இதயச் செல்லின் வாயில்களில் நேரம் தப்பாமல் போய்வர வேண்டும். கால்சியத்தின் வரவைப் பார்த்து வாயிலுக்குச் சேதி சொல்லும் சின்னஞ்சிறு புரதத்துக்குக் கால்மோடுலின் என்று பெயர். அதில் பிழை நேர்ந்தால் தாளம் கெட்டுத் திடீர் மரணம் வரலாம் என்பது 2012-இல் தெரிந்தது. கரோலா வினுவேசா என்ற விஞ்ஞானி 2018-இல் காத்லீனின் ஜீன்களைப் படித்தார். கால்மோடுலினை உண்டாக்கும் மூன்று ஜீன்களில் ஒன்றில் பிழை இருந்தது. 114-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின். இறந்துபோன இரண்டு பெண் குழந்தைகளிடமும் அதே பிழை. டென்மார்க்கில் மைக்கேல் ஓவர்கோர் குழுவினர் சோதித்து, அந்தப் புரதம் சரிவர வேலை செய்யவில்லை என்று 2020-இல் வெளியிட்டார்கள்.

பையன்கள் இருவரிடமும் இது இல்லை. அவர்களிடம் இருந்தது வேறோர் அபூர்வ மாறுதல். அந்த ஜீன் பழுதானால் எலிகளுக்கு வலிப்பு வருகிறது. பையன்களில் ஒருவனுக்கும் வலிப்பு இருந்தது. பிழையைச் சுமக்கும் தாய் மட்டும் எப்படிப் பிழைத்தாள் என்று கேட்பவர்கள் உண்டு. பரம்பரைத் தாளக்கேட்டில் ஒரே குடும்பத்தில் ஒருவர் தொட்டிலில் போவதும் மற்றொருவர் கிழவியாகி இருப்பதும் வைத்தியர்கள் கண்டதுதான்.

என் கோபம் 2019-இல் நடந்த விசாரணை மீது. ஜீன் விவரம் முன்னால் இருக்க, ஓய்வுபெற்ற நீதிபதி டைரியைப் புரட்டினார்; குற்றம் உறுதி என்றார். குழந்தைகள் போனதற்குத் தானே காரணம் என்ற தொனியில் காத்லீன் அதில் எழுதியிருந்தார். எந்தத் தாய் எழுதமாட்டாள்? நான் கதை எழுதிப் பிழைப்பவன். இரவில் தனியே உட்கார்ந்து எழுதுகிறவர் தம்மேல் எவ்வளவு பழி சுமத்திக்கொள்வார் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. துக்கம் எழுதியதை வாக்குமூலமாகப் படித்தவர்களுக்குச் சட்டம் தெரிந்திருக்கலாம், படிக்கத் தெரியவில்லை.

2021-இல் தொண்ணூறு விஞ்ஞானிகள், நோபல் பரிசு பெற்ற இருவர் உள்பட, மன்னிப்புக் கோரி மனுப் போட்டார்கள். 2022-இல் தொடங்கிய இரண்டாவது விசாரணை அதே டைரியைப் படித்து, அதில் நம்பத்தக்க குற்ற ஒப்புதல் இல்லை என்றது. 2023 ஜூனில் மன்னிப்பு. டிசம்பரில் தீர்ப்பே ரத்து. உள்ளே இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. 2025-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் 20 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஆண்டுக்கு ஒரு லட்சம். அது அவமானம் என்றார் அவருடைய வக்கீல்.