பழைய போன் அம்மம்மாவுக்கா?

ஆண்டுதோறும் செப்ரெம்பர் மாதத்தில் அப்பிள் நிறுவனத்தின் புதிய ஐபோன் வரும். ஆண்டின் தொடக்கத்தில் சம்சுங்கின் புதிய கலக்சி வரும். அதன் பிறகு எமது வீடுகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. புதிய போன் பிள்ளைக்குப் போகும். பிள்ளை வைத்திருந்தது அப்பாவுக்கு, அப்பாவினுடையது அம்மாவுக்கு. கடைசியில் ஆறேழு வயதான, கண்ணாடி வெடித்த ஒன்று அம்மம்மாவின் கைக்கு வந்து சேரும். "அம்மம்மாவுக்கு என்னத்துக்குப் புதுப் போன்? வைபரில கதைக்கத்தானே" என்று சொல்லிவிடுவோம்.

இந்த வரிசை தலைகீழானது என்பதே வைத்தியத் துறையில் இருக்கும் எங்களின் கருத்து. வீட்டில் உள்ளவர்களுள் உடல்நலத்துக்காகப் போனில் அதிகம் தங்கியிருப்பவர் பெரும்பாலும் வயதானவர்தான். இங்கே அவுஸ்திரேலியாவில் 2020 முதல் மருந்துச் சீட்டே குறுஞ்செய்தியாகப் போனுக்கு வரக்கூடியதாக இருக்கிறது. காது கேட்கும் கருவி போனோடு இணைகிறது. தோலில் ஒட்டும் குளுக்கோசு உணரி, சீனி குறைந்தால் போன் வழியாகவே எச்சரிக்கிறது. விழுந்தால், நெஞ்சு நொந்தால், 000 ஐ அழைப்பதும் அந்தப் போனில்தான். பிள்ளைக்குப் போன் பழுதானால் ஒரு நாள் எரிச்சல். அம்மம்மாவுக்கோ அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

ஓடுகிற சாமானை எறிய எமக்கு மனம் வராது. அதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் எம்மில் பலர். அந்தச் சிக்கனம் நல்லது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் போன் வானொலி போன்றது அல்ல. வானொலி பழுதானால் சத்தம் நின்றுவிடும், உடனே தெரியும். போன் வெளியில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே உள்ளே காலாவதியாகிவிடலாம்.

000 அழைப்பையே எடுத்துக்கொள்வோம். 2024 ஒக்டோபர் இறுதியில் ரெல்ஸ்ராவும் ஒப்ரஸும் தமது 3ஜி வலையமைப்பை மூடத் தொடங்கின. சில பழைய போன்கள் சாதாரண அழைப்பை 4ஜி வழியாக எடுத்தாலும், 000 அழைப்பை மட்டும் 3ஜி வழியாகவே எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அத்தகைய போன்களுக்குச் சேவை வழங்கக்கூடாது என்று விதி வந்தது. ஓராண்டின் பின், 2025 ஒக்டோபரில், இன்னொன்று தெரியவந்தது. வொடபோன் வலையமைப்பு மட்டும் கிடைக்கும் இடத்தில் சில பழைய சம்சுங் மாதிரிகள் 000 ஐ எடுக்கமாட்டா. அவற்றுள் பலவற்றுக்கு மென்பொருளை இற்றைப்படுத்துவதே போதுமாக இருந்தது. சிலவற்றை மாற்றவேண்டியிருந்தது. அப்படியான ஒன்று உங்கள் வீட்டு மூத்தவரின் கையில் இருக்கிறதா? 000 ஐ அழைத்துச் சோதிக்க வேண்டாம். போனின் மாதிரியைச் சொல்லி உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள்.

இனி, 'அப்டேற்' என்று நாம் சொல்லும் இற்றைப்படுத்தல் பற்றி. இதில் எமது மக்கள் இரு வகையினர். ஒரு வகையினர் வந்த அன்றே போடுவார்கள். மற்றவர்கள் "வேலை செய்யிறதை ஏன் கிண்டுவான்?" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். இரண்டாவது வகையினரின் சந்தேகத்தை நாம் கேலி செய்யமாட்டோம். பற்றரி முதுமையடைந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசெம்பரில் அப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. போன் திடீரென நின்றுவிடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் கூறியது. பின்னர் மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் விலையையும் குறைத்தது. புதிய பற்றரி போட்டால் தீரக்கூடிய குறைக்குப் புதிய போன் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ!

இருந்தாலும் இற்றைப்படுத்தலை முற்றாக மறுப்பது ஆபத்தானது. 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்ற தீநிரல் பல நாடுகளின் கணினிகளை முடக்கியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மாத்திரம் 19,000 இற்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் இரத்தானதாக மதிப்பிடப்பட்டது. அதைத் தடுக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொவ்ற் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. பல கணினிகளில் அது போடப்படவில்லை. தடுப்பூசி வந்திருந்தும் போடாமல் விட்ட கதைதான். அதே மைக்ரோசொவ்ற், விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. அதனால்தான் பலர் கவனிக்கவில்லை. வங்கிக் கணக்கையும் மருத்துவ அறிக்கைகளையும் அத்தகைய கணினியில் பார்ப்பவர்கள் இதைப் பிள்ளைகளிடம் காட்டி ஒழுங்கு செய்வது அவசியம்.

மறுபக்கமும் உண்டு. உடனே போடுபவர்களும் கேட்கவேண்டும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 பெப்ரவரியில் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. போனோடு இணைந்த குளுக்கோசு உணரி, இன்சுலின் பம்பி ஆகியவற்றின் எச்சரிக்கை ஒலிகள் சிலருக்குக் கேட்காமலே போயிருந்தன. போனின் மென்பொருள் மாறியது, புதிதாக ஒரு ஹெட்போனையோ கார் ஒலிபெருக்கியையோ இணைத்தது, 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பை இயக்கியது போன்றவையே காரணம். இரவில் சீனி இறங்கும்போது எழுப்பவேண்டிய மணி, யாரும் அறியாமல் ஊமையாகிவிடுகிறது. "போன் இருக்குத்தானே" என்று வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். இதுவே எமக்கு மிகுந்த கவலை தருவது.

கண்ணையும் மறக்கக்கூடாது. 2025 செப்ரெம்பரில் வந்த ஐஓஎஸ் 26, திரையின் தோற்றத்தைக் கண்ணாடி போல் ஊடுதெரியும்படி மாற்றியது. இளையவர்களுக்கு அது அழகு. கண்புரை உள்ளவர்களுக்கு எழுத்து பின்னணியோடு கலந்துவிடுகிறது. அமைப்புகளில் ஊடுதெரிதலைக் குறைக்கலாம், எழுத்தைப் பெருப்பிக்கலாம், தடிப்பாக்கலாம். ஆனால் மங்கலுக்கெல்லாம் போன்தான் காரணம் என்று இருந்துவிடவும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கண் பரிசோதனையை ஒழுங்காகச் செய்தே ஆகவேண்டும்.

ஆகவே செய்யவேண்டியது என்ன? புதிய மருந்து வந்துவிட்டது என்பதற்காக வைத்தியர் எல்லோருக்கும் அதை எழுதுவதில்லை. தேவை இருந்தால் மாற்றுவார், மாற்றியபின் திரும்ப வரச்சொல்லிப் பரிசோதிப்பார். போனுக்கும் அதே முறைதான்.

1. வாங்கும்போது கமெராவைப் பற்றிக் கேட்கும் முன், எந்த ஆண்டு வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்று கேளுங்கள். கூகிள் 2023 இல் பிக்சல் 8 இற்கும், சம்சுங் 2024 இல் கலக்சி எஸ்24 இற்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன.

2. இற்றைப்படுத்தல் நின்றுபோன போனை மூத்தவர்களுக்குக் கொடுக்காதீர்கள். விலை உயர்ந்ததும் வேண்டாம். ஆதரவு உள்ள சாதாரண போன் போதும்.

3. குளுக்கோசு உணரி பாவிப்பவர்கள் தானியங்கி இற்றைப்படுத்தலை நிறுத்தி, புதிய மென்பொருளோடு அது ஒத்துப்போகும் என்று உணரி நிறுவனம் சொன்ன பின் போடுங்கள். ஒத்துக்கொண்டதும் தாமதிக்காதீர்கள்.

4. ஒவ்வோர் இற்றைப்படுத்தலின் பின்னரும், அத்துடன் மாதம் ஒரு தடவையும், எச்சரிக்கை ஒலி, ஒலியளவு, எழுத்தின் அளவு, அவசரத் தொடர்பு இலக்கங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் போன் மாதிரிகளுக்கு, அவற்றின் விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இற்றைப்படுத்தல் வழங்கவேண்டும் என்ற சட்டம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய சட்டம் இங்கும் வேண்டும் என்று எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

அதுவரை, சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடல்களில் இளையவர்கள் ஒரு மேசை போட்டு இருந்து, வருபவர்களின் போன்களைப் பார்த்துக் கொடுக்கலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்திலேயே அதைப் போடவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.