'தண்ணி' என்று கேட்க வேண்டிய ஒரு குழந்தைக்காக

மதிப்பிற்குரிய கோலார் மாவட்ட டெபுடி கமிஷனர் அவர்களுக்கு,

தங்கவயல் மாரிக்குப்பத்தில் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். வாரம் இரண்டு நாள் விடியற்காலை ரயிலில் அவனைப் பெங்களூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். ஹாரன் சத்தம் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் முழுசாகப் போய்விடுகிறது.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து இந்த ஊருக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான். நானும் அதில்தான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்தேன். அவனுக்கு மூன்று வயதானபோது வேலையை விட்டேன். சம்பளமும் போச்சு, பி.எஃப்பும் போச்சு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆட்டிசத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைப் பருவத்தில் பெரிய செலவு சிறப்புக் கல்வியும் பெற்றோர் இழக்கும் வருமானமும்தான் என்கிறது அது. எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது செலவு மாசாமாசம் விழுகிறது. எந்த அரசுக் கணக்கில் அது ஏறுகிறது, ஐயா?

பிள்ளைகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 127 பேருக்கு ஒருவர் என்கிறது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழும் தங்கவயலில் அந்த விகிதப்படி ஆயிரம் பேருக்கு மேல் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவை ஏழு குடும்பங்கள்தான். மற்றவர்களில் பலர் 'பையன் இன்னும் பேசல, லேட்டா பேசுவான்' என்ற ஆறுதலுக்குள் இருக்கிறார்கள். நானும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் இருந்தேன். அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பயிற்சியில் தண்ணீர் படத்தைக் காட்டிக் கன்னடத்தில் 'நீரு' என்கிறார்கள். வீட்டில் நாங்கள் 'தண்ணி' என்கிறோம். அவனோ ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்துச் சொம்புக்கு அருகே கொண்டுபோகிறான். கன்னடம் அவன் படிக்கட்டும், அது எங்களுக்கும் சொந்த மொழிதான். முதல் சொல் மட்டும் வீட்டில் புழங்கும் சொல்லாக இருக்கட்டும்.

தங்கவயல் அரசு மருத்துவமனையில் தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை வாரம் இரண்டு நாளாவது உட்கார வையுங்கள். அங்கன்வாடிகளில் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறார்களா, விரல் நீட்டிக் காட்டுகிறார்களா என்று. திரும்பாத பிள்ளையின் அம்மாவை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மாரிக்குப்பம்