பேசாத பின் ஸ்பீக்கர்

1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியில் வந்து தியேட்டரின் பின்பக்கத்தையும் பேச வைத்தது. இன்று ஓசூர் சிப்காட் பக்கத்து வாடகை வீட்டிலும் கம்ப்யூட்டர், ரிசீவர், ஆறு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். பின் ஸ்பீக்கர் ஊமையானால், "ரிசீவர் போச்சு, மாத்திடுங்க" என்று யாராவது சொல்ல, ஒரு மாதச் சம்பளத்தோடு பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்!

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள், 16 பிட், ஆறு சேனல் என்றால் 46 லட்சம் பிட். ஆப்டிகல் ஒயரில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். டால்பி டிஜிட்டலாகச் சுருக்கினால் டிவிடியில் அதிகபட்சமே 4,48,000 பிட். ஆறும் தாராளமாகப் போகும். ஆனால் கம்ப்யூட்டர் அதைத் தொடாமல் அனுப்பணும். அதுதான் பாஸ்த்ரூ. நடுவில் அதுவே விரித்துவிட்டால் மிச்சம் இரண்டே சேனல். சுருக்கிய பிட்டுகளில் வால்யூம் கணக்கு போட்டாலோ வெறும் இரைச்சல்!

முதலில் ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். 'பிசிஎம்' என்று காட்டினால் குற்றவாளி கம்ப்யூட்டர் செட்டிங்தான். (படமே ஸ்டீரியோ என்றால் யாரைக் குறை சொல்ல?) 'டால்பி டிஜிட்டல்' என்று காட்டியும் பின்னால் சத்தமில்லையா? அப்புறம் ஸ்பீக்கர் ஒயரைத் தேடலாம்.

லேபில் சைன் அலை பார்த்தே ரெக்கார்டு நோட்டை நிரப்புகிறோம். இந்தப் பழுதையும் ஒரு பிராக்டிகலாக வைக்கலாமே! ஒரு பழைய ரிசீவரும் ஓர் ஆப்டிகல் ஒயரும் போதும்.